எபிசோட் 41: காட்மாண்டு துப்பாக்கிகளும் ஒரு பித்தளைக் குடமும்



இந்த எபிசோட ஒரு பித்தளைக் குடத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். எங்க பாட்டியோட அம்மா கல்யாணத்துக்கு வந்த குடம். கழுத்துக்குக் கீழ, புள்ளி புள்ளியா அவங்க பேரும் ஊர்ப் பேரும் வெட்டியிருக்கும். வருஷக்கணக்கா பரண்ல கிடந்து கறுத்துப்போயிருந்தது. போன தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சப்போ, ஹால்ல வச்சா அழகா இருக்குமேன்னு நான்தான் எடுத்துட்டுப் போய் ஒரு பாலிஷ் கடைல கொடுத்தேன். ரெண்டு நாள்ல தங்கம் மாதிரி திரும்பி வந்தது. அம்மா கையில வாங்கினாங்க, ஒரு சுத்து சுத்திப் பார்த்தாங்க, அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "பேர் எங்கடா?"

பஃபிங் மெஷின்ல மொத்தமும் போயிருந்தது.

கடைக்காரர் மேல தப்பே இல்ல. "பளபளன்னு வேணும்"னு நான் கேட்டேன், அவர் கொடுத்தார். கிட் தெரிஞ்சவங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, எழுபது எண்பது வருஷ கமிட் ஹிஸ்டரியை நான் ஒரே ஒரு ஃபோர்ஸ் புஷ்ல அழிச்சிட்டேன். பேக்கப் கிடையாது.

அந்தக் குற்ற உணர்ச்சியில, பழைய உலோகப் பொருளை எப்படித்தான் சுத்தம் பண்ணணும்னு ராத்திரி ராத்திரியா படிக்க ஆரம்பிச்சேன். அப்படியே போய் நான் கொஞ்சம்கூட எதிர்பார்க்காத ஒரு இடத்துல நின்னேன். அமெரிக்காவுல சனி, ஞாயிறு ஆனா வீட்டு கராஜ்ல உட்கார்ந்து பழைய துப்பாக்கிகளைச் சுத்தம் பண்ணி, பழுது பார்த்து, மெருகேத்துறதையே பொழுதுபோக்கா வச்சிருக்கிற ஒரு பெரிய கூட்டம் இருக்கு. என் குடத்துக்கு நடந்தது அவங்களுக்கு ஆயிரக்கணக்கான தடவை நடந்திருக்கு. அதுல இருந்து அவங்க ஒரு பாடமும் கத்துக்கிட்டாங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதல்லயே ஒரு விஷயம். இந்தியாவுல இது பொழுதுபோக்கு கிடையாது. 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியை வச்சிருக்கிறதும் சரி, ரிப்பேர் பண்றதும் சரி, பொதுவா குற்றம்தான். அதனால இதை ஒரு வரலாறா மட்டும் கேளுங்க.

பத்தொன்பது டாலர் காலம்

இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் பல நாட்டு ராணுவக் கிடங்குகள்ல பழைய ரைஃபிள்கள் மலை மாதிரி குவிஞ்சு கிடந்தன. பிரிட்டனோட லீ-என்ஃபீல்ட், ஜெர்மன் மவுசர், இத்தாலியோட கார்கானோ, அமெரிக்காவோட சொந்த ஸ்பிரிங்ஃபீல்ட். வியாபாரிகள் இதையெல்லாம் மொத்தமா வாங்கி, பத்திரிகையில விளம்பரம் போட்டு, தபால்ல வித்தாங்க. கூப்பனை வெட்டி, பணத்தோட அனுப்பினா, துப்பாக்கி வீட்டு வாசலுக்கு வந்துடும். இன்னைக்கு நாம ஆன்லைன்ல செருப்பு ஆர்டர் பண்ற மாதிரி.

அவ்வளவு மலிவா கிடைச்சதால யாரும் அதை வரலாறா பார்க்கல. அது ஒரு கச்சாப் பொருள். முன்பக்கம் நீளமா இருக்கிற மரக்கட்டையை ரம்பத்தால வெட்டுறது, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வார்னிஷ் அடிக்கிறது, இரும்புல துளை போட்டு டெலஸ்கோப் மாட்டுறது. ராணுவத் துப்பாக்கி மான் வேட்டைத் துப்பாக்கியா மாறிடும். இந்த மாத்துற வேலைக்கு 'ஸ்போர்ட்டரைசிங்'னு ஒரு பேரே இருந்தது. எப்படிப் பண்ணணும்னு பத்திரிகைகள் கட்டுரை போட்டன. யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல. கையில இருக்கிற பொருளை நல்லா ஆக்குறோம்னு நினைச்சுத்தான் பண்ணினாங்க. என்னை மாதிரியே.

1963 மார்ச்ல அப்படி ஒரு தபால் ஆர்டர் சிகாகோவுல இருந்த க்ளைன்ஸ் கடைக்கு வந்தது. டெலஸ்கோப் மாட்டின ஒரு கார்கானோ ரைஃபிள், விலை 19.95 டாலர். ஆர்டர் பண்ணினவர் பொய்ப் பேர்ல வாங்கின லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதே வருஷம் நவம்பர் 22ஆம் தேதி டல்லாஸ்ல அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டது அந்தத் துப்பாக்கியாலதான்.

சட்டம் வர அதுக்கப்புறமும் அஞ்சு வருஷம் ஆச்சு. 1968ல் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி ரெண்டு பேரும் அடுத்தடுத்து கொல்லப்பட்ட பிறகு, அந்த அக்டோபர்ல துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. தனிநபர்களுக்குத் தபால்ல அனுப்புறது நின்னுச்சு. வெளிநாட்டு ராணுவங்களோட பழைய துப்பாக்கிகளை இறக்குமதி பண்றதுக்கும் கதவு மூடியது.

ஆனா சட்டத்துல ஒரு ஜன்னல் திறந்தே இருந்தது. 1898 அல்லது அதுக்கு முன்னாடி தயாரிச்ச துப்பாக்கின்னா, மத்திய சட்டம் அதைப் 'பழம்பொருள்'னு தனியா வச்சிடும். 1898ல் செஞ்சது பழம்பொருள், 1899ல் செஞ்சது ஆயுதம். ஒரு இஃப் கண்டிஷன், அவ்வளவுதான். இந்த ஒரு வருஷக் கோட்டை ஞாபகம் வச்சுக்கோங்க. அடுத்து நாம போகப் போற இடத்துக்கு வழி திறந்ததே இந்தக் கோடுதான்.

அரண்மனைக்குள்ள ஐம்பதாயிரம்

காட்மாண்டு. அங்கே லகன் சிலேகானான்னு ஒரு பழைய அரண்மனை. நேபாள அரசோட ஆயுதக் கிடங்கா இருந்தது. ஒரு துப்பாக்கி பழசாகி, புது மாடல் வந்தா, மத்த நாடுகள் என்ன பண்ணும்? உருக்கும், இல்லைன்னா விக்கும். நேபாளம் ரெண்டும் பண்ணல. பழசை உள்ள அடுக்கி வச்சது. அடுத்த தலைமுறை வந்ததும் அதையும் அடுக்கி வச்சது. இப்படியே நூறு வருஷத்துக்கும் மேல.

2003ல், பல வருஷப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, ரெண்டு அமெரிக்கப் பழம்பொருள் நிறுவனங்கள் சேர்ந்து அந்தக் குவியலை நேபாள அரசுகிட்ட இருந்து விலைக்கு வாங்கின. ஐம்பதாயிரத்துக்கும் மேல துப்பாக்கிகள். கூடவே பீரங்கிகள், கத்திகள். பெரும்பாலும் 1898 கோட்டுக்கு முன்னாடி செஞ்சவை.

அது எந்த மாதிரி நேரம்னும் பார்க்கணும். 2001ல் அரண்மனைக்குள்ள அரச குடும்பமே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தது. 1996ல் தொடங்கின மாவோயிஸ்ட் உள்நாட்டுப் போர் உச்சத்துல இருந்தது. அப்படி ஒரு நேரத்துல ஒரு நாடு தன்னோட பழைய ஆயுதக் கிடங்கை வித்தது. அது சரியா தப்பான்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. ஆனா அதோட விளைவு என்னன்னு பாருங்க. நேபாளத்தோட நூறு வருஷ ராணுவ வரலாறு துண்டு துண்டா பிரிஞ்சு, ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு அமெரிக்க வீட்டு கராஜுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் குவியல்ல என்ன இருந்ததுன்னு கேட்டா, நம்ம கதையும் கொஞ்சம் வரும். கிழக்கிந்தியக் கம்பெனி பயன்படுத்தின 'பிரவுன் பெஸ்' மஸ்கட்கள் இருந்தன. அதுல 'இந்தியா பேட்டர்ன்'னு ஒரு வகை உண்டு. 39 அங்குலக் குழல். கம்பெனி தன் படைகளுக்காகச் செஞ்ச எளிமையான மாடல். 1790கள்ல பிரான்ஸோட போர் வந்து துப்பாக்கிக்குப் பஞ்சம் வந்தப்போ, பிரிட்டிஷ் ராணுவமே கம்பெனிகிட்ட இருந்து இதை வாங்கி, அப்புறம் தன்னோட மாடலாவே ஆக்கிக்கிச்சு. மெட்ராஸ் ஆர்மி சிப்பாய் தோள்ல சுமந்ததும் இந்தக் குடும்பத்துத் துப்பாக்கிதான். 1806ல் வேலூர்க் கோட்டையில எழுந்தவங்க கையில இருந்ததும் அதேதான்.

அதே கம்பெனியோட 1814ல் இருந்து 1816 வரை போர் செஞ்ச நாடு நேபாளம். 1857 கிளர்ச்சியப்போ அதே நேபாளத்தோட ஜங் பகதூர் ராணா தன் படையைக் கூட்டிட்டு லக்னோ பக்கம் போய் பிரிட்டிஷாருக்கு உதவினார். எதிரியா ஒரு காலம், கூட்டாளியா ஒரு காலம். ரெண்டு காலத்துப் பாணியும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தது.

சனிக்கிழமை, கராஜ்

இப்போ ஒருத்தர் அதுல ஒண்ணை வாங்குறார்னு வச்சுக்கோங்க. ரெண்டு விதமா வித்தாங்க. ஏற்கெனவே சுத்தம் பண்ணினது ஒண்ணு. கை படாதது இன்னொண்ணு. கை படாததுல பல வருஷ கிரீஸ் தூசியோட சேர்ந்து தார் மாதிரி இறுகியிருக்கும். விலை கம்மி. வேலை பிடிச்சவங்க இதைத்தான் வாங்குவாங்க.

முதல் வேலை, உள்ளே குண்டு இருக்கான்னு பார்க்கிறது. சிரிக்காதீங்க. வாய் வழியா மருந்து இடிக்கிற துப்பாக்கிகள் மருந்தோடவே நூறு வருஷம் கிடக்கும். ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள்ள விட்டு, எவ்வளவு ஆழம் போகுதுன்னு குறிச்சு, வெளியில குழல் நீளத்தோட வச்சுப் பார்ப்பாங்க. சில அங்குலம் குறைஞ்சா உள்ளே ஏதோ இருக்கு. அப்போ வேலையை நிறுத்திட்டு, தெரிஞ்ச ஆளைக் கூப்பிடணும். பழசுன்னா செத்துப்போனதுன்னு அர்த்தம் இல்ல. 2008ல் வர்ஜீனியாவுல, அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்துப் பீரங்கிக் குண்டைத் தன் வீட்டுல சுத்தம் பண்ணிட்டிருந்த ஒருத்தர், அது வெடிச்சு இறந்துபோனார். குண்டு செஞ்சு ஏறக்குறைய 140 வருஷம் ஆகியிருந்தது.

அடுத்து திருகுகள். எண்ணெய் விட்டு, காத்திருந்து, லேசா சூடு காட்டி, மறுபடி எண்ணெய். திருகோட பள்ளத்துக்குச் சரியா பொருந்துற ஸ்க்ரூடிரைவரைத் தேய்ச்சே தயார் பண்ணுவாங்க. அவசரப்பட்டா திருகோட தலை சிதைஞ்சுடும், கைகால் தெரியாதவன் ஒருத்தன் இங்கே வந்தான்னு அது காலத்துக்கும் சொல்லிட்டிருக்கும்.

மரத்துல நசுங்கின பள்ளம் இருந்தா, ஈரத்துணியைப் போட்டு மேல அயர்ன் பாக்ஸ் வைப்பாங்க. ஆவி உள்ளே போய் நார் உப்பி, பள்ளம் மேல வந்துடும். அப்புறம் ஆளி விதை எண்ணெய்.

கடைசியா இரும்பு. இங்கேதான் கெமிஸ்ட்ரி. செந்துருவும் இரும்போட ஆக்சைடுதான், துப்பாக்கிக் குழல்ல பார்க்கிற அந்தக் கருநீலமும் இரும்போட ஆக்சைடுதான். பழைய முறை என்னன்னா, வேணும்னே மெல்லிசா துருப்பிடிக்க விட்டு, கொதிக்கிற தண்ணியில போடுவாங்க. செந்துரு கறுப்பா மாறும். மேல பொடியா நிக்கிறதை மட்டும் துலக்கிட்டு மறுபடி துரு, மறுபடி கொதிநீர். பல சுத்து. அந்தக் கறுப்புப் படலம் உள்ளே இருக்கிற இரும்பைக் காப்பாத்தும். துருவை வச்சே துருவைத் தடுக்கிறாங்க!

வேலை இவ்வளவு அழகா இருக்கிறதுதான் பிரச்சினையே. கை நிறுத்தாது. இன்னும் கொஞ்சம் தேய்க்கலாம்னு தோணும்.

எந்த கமிட்டுக்குத் திரும்புறது?

இங்கே ஒரு அடிப்படைக் கேள்வி வருது. 'பழைய நிலைக்குக் கொண்டு வர்றேன்'னு சொல்றோம். எந்தப் பழைய நிலை?

பிரவுன் பெஸ்ஸையே எடுத்துக்கோங்க. பேர்லயே 'பிரவுன்' இருக்கு. ஆனா பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ராணுவத்துல அந்தக் குழல் வெள்ளி மாதிரி பளிச்சுன்னுதான் இருந்தது. சிப்பாய்கள் செங்கல்பொடி போட்டுத் தேய்ச்சே ஆகணும். நம்ம பாட்டிமார் பித்தளைக்குப் போட்ட அதே செங்கல்பொடி. தேய்ச்சுத் தேய்ச்சு இரும்பே மெலிஞ்சுபோச்சு. 1815 வாக்குலதான் குழலைப் பழுப்பாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அப்புறம் அது நேபாளம் போய், கிரீஸ் பூசி, ஒரு இருட்டு அறையில நூறு வருஷம் கிடந்தது.

இப்போ சொல்லுங்க. பளிச்சுன்னு ஆக்கினா, நேபாளத்துல இருந்த காலம் அழிஞ்சுடும். பழுப்பாக்கினா, இந்தத் துப்பாக்கிக்கு எப்பவுமே இல்லாத ஒரு நிறத்தை நாமளே கொடுத்த மாதிரி ஆகலாம். எதைச் செஞ்சாலும் ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து மத்த காலங்களை டெலீட் பண்றோம்.

அழியுறது வெறும் அழுக்கு இல்ல. கம்பெனி துப்பாக்கியோட லாக் தகட்டுல ஒரு முத்திரை இருக்கும். நாலா பிரிச்ச இதய வடிவமா, பின்னங்கால்ல நிக்கிற சிங்கமா? இதயம்னா ஏறக்குறைய 1808க்கு முன்னாடி, சிங்கம்னா அதுக்குப் பின்னாடி. உப்புத்தாள் போட்டுப் பத்து நிமிஷம் தேய்ச்சா அந்த வித்தியாசம் காலி.

இன்னொரு உதாரணம். 1857 கிளர்ச்சியைத் தூண்டின அந்தக் கொழுப்பு தடவின தோட்டா, என்ஃபீல்ட் ரைஃபிளுக்கானது. கிளர்ச்சி முடிஞ்ச பிறகு இந்திய சிப்பாய்களுக்குன்னு தனியா ஒரு என்ஃபீல்ட் செஞ்சாங்க. வெளியில பார்க்க அதே மாதிரி இருக்கும். உள்ளே மட்டும் சுருள் வரிகள் இல்லாம வழவழன்னு இருக்கும். வரி இல்லைன்னா தூரம் போனா குறி தப்பும். 'உன்கிட்ட துப்பாக்கி கொடுப்பேன், ஆனா என்னோடதைவிட மட்டமானது'ங்கிற ஒரு அரசாங்கக் கொள்கை, குழலுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தா தெரியும். இதை ஒரு புத்தகத்துல படிக்கிறது வேற, கண்ணால பார்க்கிறது வேற.

கஹேந்திரா

அந்தக் குவியல்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது கஹேந்திரா ரைஃபிள். பிரிட்டிஷ் ராணுவத்தோட மார்ட்டினி-ஹென்றி வெளியில பார்க்க எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். ஆனா உள்ளே இருக்கிற இயங்குமுறை வேற. நேபாளத்துலயே செஞ்சது. பேர் வந்தது ஜெனரல் கஹேந்திர ஷம்ஷேர் ராணாகிட்ட இருந்து. நேபாளத்தோட முதல் விஞ்ஞானின்னு அங்கே சொல்றது இவரைத்தான். கையால சுத்துற இரட்டைக் குழல் 'பீரா' துப்பாக்கியும் இவர் பேரோடதான் வரும்.

இந்த ரைஃபிள்கள் பெருமளவு கைவேலை. ஒரு துப்பாக்கியோட திருகு பக்கத்துத் துப்பாக்கிக்குப் பொருந்தாது. அதனால ஒவ்வொரு பாகத்துலயும் தேவநாகரி எண்ணைக் குறிச்சு வச்சாங்க, எது எதோட ஜோடின்னு தெரியணுமே. அரம் போட்ட கோடுகள் அப்படியே தெரியும். இன்னைக்கு இதைச் சுடப் பயன்படுத்தாதீங்கன்னுதான் தெரிஞ்சவங்க சொல்வாங்க. ஆனா ஒரு இன்ஜினியரா எனக்கு அந்த அரக்கோடுகள்தான் முக்கியம். நவீன மெஷின்கள் அதிகம் இல்லாத ஒரு மலைநாட்டுப் பட்டறையில, பேர் தெரியாத ஒரு கொல்லர், உலகத்தோட பெரிய வல்லரசு செஞ்ச பொருளுக்கு நிகரா ஒண்ணைச் செய்யப் பார்த்திருக்கார். அவர் கைமுறை அந்தக் கோட்டுல இருக்கு. வழவழன்னு ஆக்கிட்டா, பார்க்கிறவங்களுக்கு அது இன்னொரு மார்ட்டினி காப்பி, அவ்வளவுதான்.

ஆரம்பத்துல நிறைய பேர் அப்படி ஆக்கவும் செஞ்சாங்க. மூணு உடைஞ்ச ரைஃபிளைக் கலந்து ஒண்ணு செஞ்சா, ஜோடி எண்கள் மூணும் குழம்பிடும். கட்டையைத் தேய்ச்சா, அதுல வெட்டின எண் மறையும். இதுல ஒரு டெல் உண்டு: இரும்புத் தகட்டைச் சுத்தி இருக்கிற மரம், தகட்டைவிட ஒரு முடி உயரமா இருக்கணும். தாழ்ந்திருந்தா யாரோ தேய்ச்சிருக்காங்க. அனுபவசாலிங்க விரலை ஒரு தடவை ஓட்டினாலே சொல்லிடுவாங்க.

ரம்பம் போட்ட அந்தத் தலைமுறையோட பொழுதுபோக்கு மெதுவா திசை மாறினது இங்கேதான். அன்னைக்கு மலிவுன்னு வெட்டின ராணுவ ரைஃபிள்கள்ல, வெட்டாம தப்பிச்சதுக்குத்தான் இன்னைக்கு அதிக விலை. அது பண விஷயம். ஆனா அதுக்குப் பின்னாடி மியூசியங்கள் ரொம்ப நாளா சொல்ற ஒரு விதி இருக்கு: திரும்ப எடுக்க முடியாத எதையும் செய்யாதே. உயிரோட இருக்கிற துருவை நிறுத்து, ஆறிப்போன கறையை விடு. மேல மெழுகு பூசு. 1950கள்ல பிரிட்டிஷ் மியூசியத்துல உருவான ரெனைசான்ஸ் மெழுகைத்தான் இன்னைக்கும் பலர் பூசுறாங்க, ஏன்னா வேணும்னா அதைக் கரைச்சு எடுத்துடலாம். தேய்ச்ச இரும்பைத் திரும்ப வைக்க முடியாது.

துப்பாக்கி கொல்றதுக்காகச் செஞ்ச பொருள். அதை எதுக்கு இவ்வளவு பத்திரமா பார்த்துக்கணும்னு நீங்க கேட்கலாம். நானும் கேட்டுக்கிட்டேன். எனக்குத் தோணின பதில் இதுதான். பளபளன்னு ஆக்கின துப்பாக்கி வெறும் ஆயுதமாத்தான் தெரியும், அழகாகூட இருக்கும். எண்ணும் முத்திரையும் கறையும் இருக்கிற துப்பாக்கி, இதை யார் யாருக்குக் கொடுத்தாங்க, யாரை நம்பல, யார் செஞ்சாங்கன்னு சாட்சி சொல்லும். சாட்சியைத் தேய்ச்சுட்டா ஆயுதம் மட்டும்தான் மிஞ்சும்.

குடத்துக்கு வர்றேன். அம்மா ஒரு வாரம் கழிச்சு, "பேரை மறுபடி வெட்டிடலாமா?"ன்னு கேட்டாங்க. போட்டோ ஒண்ணு இருந்தது, அதுல எழுத்து ஓரளவு தெரியுது. ஆனா பழைய துப்பாக்கில முத்திரையைப் புதுசா குத்தினா அதுக்குப் பேர் போலி. இதைச் சொன்னதும் அம்மா, "உன் துப்பாக்கிக் கதையெல்லாம் வேண்டாம், வெட்டணுமா வேண்டாமா?"ன்னாங்க. வெட்டினோம். அதே பேர், அதே ஊர். கீழ சின்னதா இந்த வருஷத்தையும் வெட்டச் சொன்னேன். அடுத்து யார் கைக்குப் போனாலும், இந்தப் பேர் கல்யாணத்தப்போ வெட்டினது இல்ல, ஒரு பேரன் அழிச்சதால திரும்ப வெட்டினதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்.

உங்க வீட்டுப் பரண்லயும் பேர் வெட்டின பாத்திரம் இருக்கும். பாலிஷ் கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு போட்டோவாவது எடுத்து வைங்க. எடுத்தா எனக்கும் அனுப்புங்க, யார் பேர், என்ன கதைன்னு ரெண்டு வரி எழுதி. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.